எழிலி செத்த வருடம்

நான் ஓய்வு பெற்ற அன்று, கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் என் மேஜையைக் காலி செய்ய உதவிக்கு வந்தார்கள். அடி இழுப்பறையில் பதினொரு நீள நோட்டுகள் இருந்தன. ஒருத்தி மேலாக இருந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, இத்தன பேரு செத்திருக்காக?" என்றாள். அவள் கையில் இருந்தது சாவு நோட்டு. முதல் பக்கத்திலேயே முப்பது பேர் செத்திருந்தார்கள். அத்தனை பேரும் இனிமேல்தான் பிறக்க வேண்டியவர்கள்.

இப்போது எங்கள் புத்தகங்கள் எல்லாம் கணினிக்குள் இருக்கின்றன. ஒரு பெயரைத் தட்டினால் எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் என்று அதுவே சொல்லிவிடுகிறது. "அப்ப இது இல்லாத காலத்துல நீங்க என்னதான்க்கா பண்ணுனீக?" என்று மற்றவள் கேட்டாள். அன்றைக்குச் சொல்ல நேரம் இல்லை. சாவகாசமாக இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அனுமந்தன்பட்டி. வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டம் பார்த்தார். நான் உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட நோட்ஸ் அடிக்கும் ஓர் அச்சகத்தில் பதினாறு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். கேள்வி எண்ணும் விடை எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அங்கே நான் கற்ற வித்தை. அந்த அச்சகத்தை மூடியதும், தொண்ணூற்றாறாம் வருடம் கம்பத்தில் காசிராஜன் அண்ணனின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அண்ணன் அப்போதுதான் மாத நாவல் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பஸ் நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த மாதிரிக் கையடக்கப் புத்தகம். தொடரின் பெயர் 'பாழ்வெளி'. மாதம் ஒரு கதை. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே உலகத்தில், ஒரே வரலாற்றில் நடக்கும். எழுதியவர் தேவதானப்பட்டியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த தவமணி சார்.

அந்த உலகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூறு வருடத்துக்குப் பிறகு மனிதர்கள் கருநிலா என்ற தொலைதூர நிலவில் சுரங்கம் தோண்டப் போகிறார்கள். அங்கே குரல்தின்னி இருக்கிறது. அதற்கு உருவம் கிடையாது. ஒரு மனிதனைக் கொன்று அவன் குரலை எடுத்துக்கொள்ளும். பிறகு அவன் குரலிலேயே அவன் பெண்டாட்டியைக் கூப்பிடும், கூட்டாளியைக் கூப்பிடும். கூப்பிட்ட இடத்துக்குப் போனவர் திரும்ப மாட்டார். 'செம்போத்து' என்ற கப்பலின் டாக்டர் எழிலிதான் நான்காவது புத்தகத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறாள்: குரல்தின்னிக்கு மூச்சு கிடையாது. மனிதன் பேசினால் நடுவில் மூச்சு வாங்குவான். அது வாங்காது. வாசகர்களுக்கு எழிலி என்றால் உயிர். போடியில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அந்தப் பெயரே வைத்து எங்களுக்கு மிட்டாய் அனுப்பினார்கள்.

ஆறாவது புத்தகத்தின் மெய்ப்பில் மாறன் என்ற விமானி சந்தோஷத்தில் கை தட்டினான். எனக்கு உறுத்தியது. மூன்றாவது புத்தகத்தில் அவனுக்கு இடது கை போய்விட்டதே! எழுந்து போய் அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணனின் முறை ஒன்று உண்டு. தப்பு என்று யார் போய்ச் சொன்னாலும் சரியென்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்தப் பக்கம், தாயி?" என்பார். பக்கத்தைக் காட்டாமல் அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. புத்தகத்தைப் பிரித்து வைத்ததும் மரஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைப்பார். மூன்று தரம் வாசிப்பார். முதல் தரம் மனதுக்குள். இரண்டாவது சத்தமாக. மூன்றாவது தரம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக. அதற்குப் பிறகுதான் பேச்சு.

"அறுபத்தொண்ணாம் பக்கம் அண்ணே. கை வெட்டுப்பட்டு விழுந்திருச்சு."

மூன்று தரம் வாசித்தார். போனை எடுத்து தேவதானப்பட்டிக்குப் பேசினார். "சார், மாறன் கையத் தட்ட முடியாது போலருக்கே. மேசையத் தட்டுனான்னு போட்டுக்கிருவமா?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இனிமே இது ஒன் வேல. எந்த வருசத்துல என்ன நடந்துச்சு, அது ஒரு நோட்டு. ஆளு யாரு, எவரு, அது ஒரு நோட்டு. செத்தவுகளுக்கு ஒண்ணு தனியா."

கூடவே இரண்டு சட்டமும் சொன்னார். முதலாவது, அச்சான வரியைத் திருத்தக் கூடாது. "தேவாரத்துக்காரன் ஒருத்தன் வாங்கிப் படிச்சிட்டு வீட்டுல வச்சிருக்கான். அங்கன போயி அழிப்பியா? அவன் படிச்சது படிச்சதுதான். முட்டிக்கிச்சுன்னா, அச்சான வரிக்குள்ளயே வழி தேடு." இரண்டாவது, கதை சொல்கிறவன் பொய் சொல்லக் கூடாது. "கதைக்குள்ள இருக்கவன் எம்புட்டு வேணாலும் புளுகட்டும். தெரியாமப் பேசட்டும். ஆனா கதைய நடத்துறவன் 'மழை பேஞ்சுச்சு'ன்னு எழுதிட்டா, மழை பேஞ்சுதான் தீரணும்."

இந்த இரண்டு சட்டத்தோடுதான் என் மிச்ச வேலைக்காலம் முழுவதும் ஓடியது.

முப்பதாவது புத்தகத்தில் தவமணி சார் எழிலியைக் கொன்றார். அவர் தலைமையாசிரியர் ஆகிவிட்டார். எழுத நேரம் இல்லை. தன் கதையைத் தானே முடித்து வைத்துவிட்டுப் போக ஆசைப்பட்டார். 2139-ஆம் வருடம், கருநிலாவின் ஏழாவது சுரங்கத்தில், பதினாறு தொழிலாளிகளை வெளியே அனுப்பிவிட்டு, குரல்தின்னிக்கு முன்னால் எழிலி தனியாக நின்று சாகிறாள். சாவு நோட்டில் அவள் பெயரை எழுதிய அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் தொடரை நிறுத்தச் சொல்லி வாசகர்கள் யாரும் எழுதவில்லை. அண்ணன் தேடிப் பிடித்து ஷாஜியைக் கொண்டுவந்தார். ஷாஜி குமுளியில் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை பார்த்த பிள்ளை. அப்பா மலையாளி, அம்மா கூடலூர்க்காரி. சாப்பாட்டு நேரத்தில் ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுவான். கையெழுத்துப் பிரதியைப் பிரித்தாலே வாசனை வரும். தவமணி சாரும் ஒப்புக்கொண்டார். அட்டையில் 'தவமணி உருவாக்கிய பாழ்வெளி' என்று போட்டுக்கொள்ளவும் விட்டார். ஷாஜிக்குக் கற்பனை அசாத்தியம். புள்ளி வைக்கத்தான் தெரியாது. ஒரு வாக்கியம் பாதிப் பக்கத்துக்குப் போகும். நான்தான் வெட்டி வெட்டிப் போடுவேன்.

இரண்டாயிரமாவது வருடம் என் மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது ஐம்பத்திரண்டாவது புத்தகமும் ஐம்பத்து மூன்றாவதும் வெளியாகியிருந்தன. உட்கார்ந்து படித்தேன். ஐம்பத்திரண்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது.

வருடம் 2160. கருநிலாவைச் சுற்றி நாற்பது கப்பல்கள் திக்குத் தெரியாமல் நிற்கின்றன. வயர்லெஸ்ஸில் எழிலி பேசுகிறாள். 'பூமிக்குத் திரும்புங்கள்' என்று உத்தரவு போடுகிறாள். நாற்பது கப்பலும் திரும்புகின்றன.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் செத்தவள்!

நான் லீவில் இருந்ததால் சாவு நோட்டை யாரும் திறக்கவில்லை. ஷாஜியிடம் கேட்டபோது, "எழிலிய எல்லாருக்கும் இஷ்டமல்லோ சேச்சி, அதான் கொண்டாந்தேன். செத்தத மறந்துட்டேன்" என்றான். ஓடிப்போய் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவன் மாதிரி நின்றான்.

அதற்குள் தேவதானப்பட்டியிலிருந்து கார்டு வந்துவிட்டது. ஒரே வரி: 'அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும்.' அண்ணன் அந்தக் கார்டையும் மூன்று தரம் வாசித்தார். அடுத்த மாதத்திலிருந்து பெயர் போய்விட்டது. எழிலியும் அதன் பிறகு எந்தப் புத்தகத்திலும் பேசவில்லை. ஆனால் அவள் போட்ட உத்தரவை எப்படி எடுப்பது? ஐம்பத்து நான்கிலிருந்து வந்த எல்லாக் கதைகளும் அந்த நாற்பது கப்பல்கள் பூமிக்குத் திரும்பியதால் நடந்தவை. 2163, 2170, 2188 என்று வரலாறு அதன் மேலேயே கட்டி எழும்பிவிட்டது. சாவு நோட்டில் எழிலி பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அது மூன்றரை வருடம் அப்படியே கிடந்தது.

தொண்ணூற்று மூன்றாவது புத்தகம் வந்த மாதம் சென்னையிலிருந்து ஒரு பெரிய பதிப்பகத்தின் ஆசிரியை எங்கள் அச்சகத்துக்கு வந்தார். பாழ்வெளி முழுவதையும் கெட்டி அட்டை போட்ட தொகுதிகளாகக் கொண்டுவர விரும்புவதாகச் சொன்னார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் நிபந்தனையைச் சொன்னார்.

"மாசம் ஒண்ணு படிக்கும்போது தெரியாது. தொகுதியில ஒரே மூச்சில் படிப்பாங்க. முப்பதில் செத்தவங்க ஐம்பத்திரண்டில் பேசினா சிரிப்பாங்க. ஒண்ணு, இதைச் சரி பண்ணி, தவமணி சார் சம்மதமும் வாங்கிக் கொடுங்க. இல்லைன்னா முதல் முப்பதை மட்டும் போட்டுக்கிறோம்."

"சரி பண்றதுன்னா?" என்று அண்ணன் கேட்டார்.

"ஐம்பத்திரண்டில் எழிலின்னு வர்ற இடத்தில் வேற பேரு போட்டுடலாமே?"

"அச்சான வரியத் தொட மாட்டோம்மா" என்றார் அண்ணன், வெகு மரியாதையாக.

அந்த அம்மாள் மூன்று மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். ஷாஜி மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் முப்பது மட்டும் என்றால் அவன் எழுதிய அறுபத்து மூன்று புத்தகமும் இல்லை என்று ஆகிவிடும். "அப்ப ஞான் எழுதினது?" என்று கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். "தாயி, எல்லா வேலையையும் தள்ளி வச்சிரு. இத மட்டும் பாரு."

ஒன்றாம் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். எழிலியைப் பற்றி வரும் ஒவ்வொரு வரியையும் தனித் தாளில் எழுதினேன். கதை நடத்துகிறவன் சொன்னதைச் சிவப்பு மையில். பாத்திரம் பேசியதை நீல மையில். அறிக்கை, கடிதம், குறிப்பு என்று வருவதைப் பச்சையில். ஒருவர் மனதுக்குள் நினைத்ததைப் பென்சிலில். நீலம் பொய்யாக இருக்கலாம், பச்சை தப்பாக இருக்கலாம், பென்சில் பிரமையாக இருக்கலாம். சிவப்பு மட்டும் நடந்தே தீர வேண்டும். முப்பதாவது புத்தகத்தில் அவள் சாவு சிவப்பில் இருந்தது. 'எழிலி இறந்தாள்' என்று தவமணி சார் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார். அதில் சந்து பொந்தே இல்லை. இரட்டைப் பிறவி, மயக்கம், நகல் எடுத்தது என்று ஷாஜி பத்து யோசனை சொன்னான். பத்தும் அந்த ஒரு வரியில் முட்டி விழுந்தன.

ஒன்றரை மாதம் போய்விட்டது. வாசகர் கடிதங்களிலாவது யாராவது எதையாவது சொல்லியிருக்கிறார்களா என்று பழைய கட்டுகளைப் பிரித்தேன். நான் லீவில் இருந்த மாதத்துக் கட்டில், உடைக்காத ஓர் இன்லண்ட் கடிதம் இருந்தது. மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்தது. அனுப்பியவர் பெயர் பேச்சியம்மாள், பிள்ளைக் காப்பக ஆயா. நலம் விசாரிப்பெல்லாம் போக, இரண்டே வரி. 'ஐம்பத்திரண்டாம் புத்தகம் கிடைத்தது. எழிலியம்மாவை யாராவது கண்ணால் பார்த்தார்களா? சீக்கிரம் சொல்லவும், இங்கே எல்லாரும் பயந்துபோய் இருக்கிறோம்.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் சின்னமனூர் போய் மேகமலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு பஸ் குலுக்கிய குலுக்கலில் கைப்பையில் இருந்த ஐம்பத்திரண்டும் ஐம்பத்து மூன்றும் முனை மடங்கிவிட்டன.

பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தொழிலாளர் லயன் வீடுகளுக்குக் கீழே தகரம் போட்ட காப்பகத்தில், எட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"புத்தகத்துல இருந்தா வாரீக? உக்காருங்கத்தா, உக்காருங்க! பதிலே வரலைன்னு நாங்க ரொம்ப நாளு பேசிக்கிட்டோம்."

லயனில் பாதிப் பேருக்கு எழுத்து வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மாள் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாராம். கொழுந்து எடுக்கிற பெண்கள் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். ஐம்பத்திரண்டாவது புத்தகத்தை வாசித்த அன்று நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மா வயர்லெஸ்ல பேசுற எடம் வந்துச்சா? வாசிக்க வாசிக்க எனக்கு மூச்சு முட்டுது. எங்கிட்டும் புள்ளியே இல்ல. நிறுத்தி மூச்சு விட எடமே இல்லாமப் போயிக்கிட்டே இருக்கு. ஒரு பக்கம் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு இருமல் வந்துருச்சு. ஒடனே ஒரு பொம்பள எந்திரிச்சு நின்னு, 'ஏடி, வாசிக்காத, நிப்பாட்டு! அது எழிலி இல்லடி, அது'ன்னா. புள்ளைய இடுப்புல வச்சிருந்தவ அப்பிடியே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா."

பேச்சியம்மாள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மாவ யாருமே பாக்கலையே! கொரலு மட்டுந்தான வருது. மூச்சு வாங்காமப் பேசுனா அது கொரல்தின்னின்னு அந்தம்மாவே சொல்லிக் குடுத்தாகல்ல? அதத்தான் நீங்க சொல்ல வாறீகன்னு நெனச்சோம். அடுத்த புத்தகத்துல வரும், அதுக்கு அடுத்ததுல வரும்னு பாத்தா, வரவே இல்ல. ஏன்த்தா சொல்லாம விட்டீக?"

நான் லீவில் போனதால் ஷாஜியின் வாக்கியங்களை வெட்ட ஆள் இல்லை. நான் இருந்திருந்தால் ஒழுங்காகப் புள்ளி வைத்து, எழிலிக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்திருப்பேன். எல்லாம் கெட்டிருக்கும். அந்த அம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தன.

ஆனால் கீழே இறங்கும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. அண்ணனின் இரண்டாவது சட்டம் குறுக்கே நின்றது. கதை நடத்துகிறவன் பொய் சொல்லக் கூடாது. வயர்லெஸ்ஸில் பேசியது குரல்தின்னி என்றால், கதை நடத்துகிறவன் ஒரே ஒரு இடத்தில் 'எழிலி சொன்னாள்' என்று எழுதியிருந்தாலும் போச்சு. அவனே பொய் சொன்னதாகிவிடும்.

மறுநாள் இரண்டு புத்தகத்தையும் விரித்து, மரஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தினேன். இரண்டிலும் சேர்த்துக் கதை நடத்துகிறவன் எழிலி பெயரை நாற்பத்தொரு இடத்தில் சொல்கிறான். 'எழிலியின் குரல் வந்தது.' 'எழிலியின் குரல் உத்தரவிட்டது.' 'எழிலியின் குரல் நின்றது.' ஷாஜிக்கு அப்படி எழுதுவது பழக்கம். வயர்லெஸ் என்றால் குரல் என்றுதான் எழுதுவான். நாற்பது இடம் தேறிவிட்டது. ஐம்பத்து மூன்றின் எழுபத்தொன்றாம் பக்கத்தில் கடைசி இடம்: 'எழிலியின் பெருமூச்சு கேட்டது.'

மூச்சு!

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சே இல்லாத ஒன்று எப்படிப் பெருமூச்சு விடும்? ஷாஜியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரு சோகத்துக்கு எழுதினேன் சேச்சி" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் வந்தார். மூன்று தரம் வாசித்தார். மூன்றாவது தரம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக: "எழிலியின். பெருமூச்சு. கேட்டது." நிமிர்ந்து, "விட்டாள்னு இல்லையே தாயி, கேட்டதுன்னுதான இருக்கு" என்றார்.

கேட்டது. யாரோ விட்டது. எப்போது விட்டது?

முப்பதாவது புத்தகத்தை எடுத்தேன். எழிலி சாகிற பக்கம் எனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் பார்க்க வேண்டும். 'அவளுடைய கடைசி மூச்சு ஒரு பெருமூச்சாக வெளியேறியது. எழிலி இறந்தாள்.'

நான் சத்தம் போட்டேன் என்று சொன்னார்கள். அச்சு ஓட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

அடுத்த வாரம் தேனி போய், பெரியகுளம் போய், தேவதானப்பட்டியில் இறங்கினேன். அண்ணன் வரவில்லை. "வரியக் கண்டுபிடிச்சது நீ. நீயே பேசு" என்று அனுப்பிவிட்டார். தவமணி சார் அப்போது பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்.

"எழிலிய எதுக்கும்மா உயிரோட கொண்டாந்தீக?"

"கொண்டுவரல சார். அவுக செத்தது செத்ததுதான். நீங்க எழுதுன வரியில ஒரு புள்ளியக்கூட நாங்க தொடல."

"அப்பறம் அம்பத்திரண்டுல பேசுறது யாரு?"

"அவுக செத்த எடத்துல கூட இருந்தது யாரு சார்?"

சார் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சிவப்பு வரிகள், நீல வரிகள். மேகமலையில் பேச்சியம்மாளுக்கு மூச்சு முட்டியதைச் சொன்னேன். அவர் ஐம்பத்திரண்டைப் பிரித்து, அந்த வயர்லெஸ் பேச்சை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்திய குரல். பாதிப் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றது. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். மயிர் எல்லாம் குத்திட்டு நின்றிருந்தது.

ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். ஐம்பத்து மூன்றை எடுத்துப் புரட்டினார். எழுபத்தொன்றாம் பக்கத்தில் நின்றார். "இங்க பாரும்மா. பெருமூச்சு. நாலாவது புத்தகத்துல நான் போட்ட விதி என்ன? அதுக்கு மூச்சு கெடையாது. இதுக்கு என்ன சொல்றீக?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மூன்று பஸ் மாறி வந்திருந்தேன். முப்பதாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். வரிக்கு அடியில் விரலை மட்டும் வைத்தேன்.

அவர் எழுதிய வரியை அவரே வாசித்தார்.

"கடைசி மூச்சையும் சேத்து எடுத்துக்கிருச்சா" என்றார் மெதுவாக. "இருபத்தொரு வருசம் வச்சிருந்திருக்கு. நான் எழுதுனப்ப எனக்கே தெரியலையேம்மா."

பிறகு எழுந்து நடந்தார். அவர் முகம் மாறிவிட்டது. முதல் முப்பது புத்தகத்தை எழுதிய காலத்து மனிதரைப் பார்ப்பது போல இருந்தது. "அப்ப நாப்பது கப்பலையும் பூமிக்குக் கூப்பிட்டது அது. தானும் கூட வந்திருக்கும். அந்தப் பையன் எழுதுனது எல்லாம், அதுக்கு அப்பறம் நடந்தது எல்லாம்… அடேயப்பா! எதுக்கும்மா அது பூமிக்கு வரணும்?"

"அது எனக்குத் தெரியாது சார். எங்க நோட்டுல காரணம் இல்ல. அத நீங்கதான் எழுதணும்."

சம்மதத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: நூறாவது புத்தகத்தை அவரும் ஷாஜியும் சேர்ந்து எழுத வேண்டும்.

ஷாஜி தேவதானப்பட்டிக்குப் போய் ஒரு மாதம் தங்கினான். போகும்போது பயந்துகொண்டே போனவன், அவரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தைரியம் வந்துதான் திரும்பினான். காரணத்தைக் கண்டுபிடித்தது அவன்தான். கருநிலாவில் செத்த சுரங்கத் தொழிலாளிகள் எல்லாரும் கடைசியில் ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லித்தான் செத்தார்கள். அத்தனை குரலையும் தின்ற அதற்கு அந்த ஏக்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. தான் பார்த்தே இராத ஊருக்கு ஏங்கிப்போய் அது பூமிக்கு வருகிறது. அந்தப் பக்கத்தை மெய்ப்புப் பார்த்தபோது என் பேனா ஓடவில்லை. பயத்தோடு பரிதாபமும் வந்தது. குரல்தின்னி பேசுகிற இடங்களில் மட்டும் நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

நூறாவது புத்தகம் பஸ் நிலையக் கடைகளில் இரண்டு நாள்தான் தொங்கியது. மறுபடி அடித்தோம், அதுவும் போதவில்லை. முதல் பக்கத்தில் பேச்சியம்மாளின் இன்லண்ட் கடிதத்தை அப்படியே போட்டிருந்தோம். பழைய வாசகர்கள் ஐம்பத்திரண்டைத் தேடி எடுத்து மறுபடி படித்துவிட்டு எழுதினார்கள்: 'இவ்வளவு நாளும் கண் முன்னாலேயே இருந்திருக்கிறதே!' மேகமலைக்கு இருபது பிரதி அனுப்பினோம். 'நாங்கள் அன்றைக்கே சொன்னோம்' என்று ஒரு கார்டு வந்தது. அதற்குக் கீழே பதினெட்டுப் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன.

சென்னை ஆசிரியை மறுபடி வந்தார். என் நோட்டுகளை ஒரு நாள் முழுக்கப் புரட்டினார். கோணக் கேள்விகள் ஏழெட்டுக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைக் காட்டினேன். கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "எல்லாத்தையும் போடுறோம். ஒரு வரிகூட மாத்தல" என்றார். ஷாஜி அச்சகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓடினான்.

முதல் தொகுதி வந்தபோது அண்ணன் கட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து உள்பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூன்று தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். 'கதை: தவமணி, ஷாஜி' என்று இருந்தது. அடுத்த வரியில், 'வரலாறு: செல்வராணி'. மெய்ப்பு என்று போடத்தான் சென்னையில் நினைத்தார்களாம். தவமணி சார் போன் போட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். இருபத்து நான்கு வருடம் மற்றவர்கள் எழுத்தில் தப்புத் தேடியவள் நான். என் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை.

அதன் பிறகு சாரும் ஷாஜியும் மாதம் விட்டு மாதம் எழுதினார்கள். ஒரு நாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி அச்சகத்துக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். தவமணி சார்.

"ஏம்மா, ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தி நாலுல ஒரு ஆளக் கொல்லணும். எடம் இருக்கா?"

"யாரு சார்?"

"செம்போத்துல இருந்தாருல்ல, பழைய மெக்கானிக். அவருதான். பிப்ரவரியில கொன்னுரலாம்னு பாக்கேன்."

ஆள் நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

"முடியாது சார். மார்ச் மாசம் அவரு ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. ஷாஜி எழுதுனது. நாப்பத்தாறாவது புத்தகம், இருபதாம் பக்கம். சிவப்பு மை."

அந்தப் பக்கம் பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா, சாப்பிடட்டும். ஏப்ரல்ல வச்சுக்கிருவோம்" என்றார்.